பி12 நார்மல்னு ரிப்போர்ட் வந்தும் கால் மரத்துப்போகுமா? சிரிப்பு வாயு பற்றி ஒரு இழை

மே 18, இரவு 9.40 – அஸ்தம்பட்டி வாசகர்

சித்தி பையன், 22 வயசு, பெங்களூர்ல வேலை. சில மாசமா வாரக்கடைசியில நண்பர்களோட சேர்ந்து பலூன்ல சிரிப்பு வாயு இழுத்துப் பழகிட்டான். கோடை விழாவுக்குன்னு ஏற்காடு வந்தவன், இப்ப ரெண்டு பாதமும் மரத்துப்போச்சு, பஞ்சு மேல நடக்குற மாதிரி இருக்குங்கிறான். படி இறங்கவே பயப்படுறான். ரத்தத்துல பி12 பார்த்தோம், 410, நார்மல். இடுப்பு எம்ஆர்ஐயில சின்னதா டிஸ்க் பிதுக்கம்னு எழுதியிருக்காங்க. பல் டாக்டர் குழந்தைங்களுக்கே குடுக்குற வாயுதானே, இதுல நரம்பு எப்படிங்க போகும்? பி12 மாத்திரை போட்டுக்கிட்டா ஒண்ணும் ஆகாதுன்னு அவன் கூட்டாளிங்க அடிச்சுச் சொல்றாங்க.

மே 18, இரவு 10.25 – நரம்பியல்

நரம்பு போகும். நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகள் அப்படியே அதுதான்.

பி12 மூலக்கூறின் நடுவில் ஒரு கோபால்ட் அணு இருக்கிறது. சிரிப்பு வாயு, அதாவது நைட்ரஸ் ஆக்சைடு, அந்தக் கோபால்ட்டை ஆக்சிஜனேற்றம் செய்து முடக்கிவிடும். அதை நம்பி இயங்கும் மெத்தியோனின் சிந்தேஸ் என்ற நொதியும் சேர்ந்து நின்றுபோகும். நரம்புக்கு மேலுறையாக இருக்கும் மயலினைப் பழுது பார்க்கத் தேவையான மெத்தில் தொகுதி இந்த வழியாகத்தான் வருகிறது. அது வராவிட்டால் முதுகுத்தண்டின் பின்பக்க நரம்புத் தடங்கள் முதலில் அடிவாங்கும். அதிர்வு தெரியாது, கால் எங்கே இருக்கிறது என்பது தெரியாது. பிறகு பக்கவாட்டுத் தடங்களும் பாதித்துக் கால் விறைக்கும், வலுவிழக்கும். இதோடு கால் நரம்புகளும் தனியாகக் கெடலாம்.

ஆய்வகம் அளப்பது ரத்தத்தில் எவ்வளவு பி12 மூலக்கூறு இருக்கிறது என்பதை மட்டும். அது வேலை செய்கிறதா என்பது அந்த எண்ணில் வராது. 410 என்ற தாளைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். இந்த நோயில் அந்தத் தாள் எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறது.

செய்ய வேண்டியது: வாயுவை இன்றே நிறுத்த வேண்டும். பி12 வேலை செய்யாதபோது ரத்தத்தில் கூடும் ஹோமோசிஸ்டீன், மெத்தில்மலோனிக் அமிலம் இரண்டுக்கும் ரத்தம் எடுக்க வேண்டும், அதுவும் முதல் பி12 ஊசிக்கு முன்பே. ரத்தம் எடுத்ததும் ஊசியை ஆரம்பித்துவிட வேண்டும், முடிவு வரும்வரை காத்திருக்கக்கூடாது. எம்ஆர்ஐ கழுத்துப் பகுதிக்கு எடுக்க வேண்டும்.

மே 18, இரவு 10.50 – நரம்பியல்

கழுத்து ஏன் என்று கேட்பீர்கள். கால் மரத்தால் இடுப்புக்குப் படம் எழுதுவது வழக்கம். ஆனால் இந்த நோயின் மாற்றம் பெரும்பாலும் கழுத்து முதுகுத்தண்டில் தெரியும். குறுக்குவெட்டுப் படத்தில் தண்டின் பின்பக்கத்தில் ஆங்கில ‘வி’ எழுத்தைக் கவிழ்த்து வைத்த மாதிரி வெள்ளையாக இருக்கும். இடுப்பு மட்டத்தில் தண்டே முடிந்துவிடுகிறது, அங்கே தேடினால் கிடைக்காது. அதற்குப் பதிலாக, 20 வயதைத் தாண்டிய யாருக்கும் இருக்கக்கூடிய டிஸ்க் பிதுக்கம் கிடைக்கும். பிறகு பெல்ட், ட்ராக்‌ஷன், வலி மாத்திரை என்று வாரங்கள் போகும். அந்த வாரங்கள்தான் முக்கியமானவை.

கழுத்துப் படமும் நார்மலாக வரலாம், குறிப்பாக ஆரம்பத்தில், அல்லது கால் நரம்பு மட்டும் கெட்டிருந்தால். வாயு பழக்கம் இருந்து, பரிசோதனையும் ஒத்துவந்தால் படத்தைப் பார்க்காமலே சிகிச்சை தொடங்கலாம்.

மே 19, காலை 6.15 – ஆய்வகம்

ஹோமோசிஸ்டீன் பற்றி ஒரு எச்சரிக்கை. குழாயில் எடுத்த ரத்தத்தைப் பிரிக்காமல் அறை வெப்பத்தில் வைத்திருந்தால் சிவப்பணுக்களிலிருந்து ஹோமோசிஸ்டீன் கசிந்துகொண்டே இருக்கும். மணிக்குச் சுமார் 10 சதவீதம் கூடும். ஊதா மூடிக் குழாயில் எடுத்து உடனே ஐஸில் வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் இயந்திரத்தில் வேகமாகச் சுழற்றிப் பிளாஸ்மாவைத் தனியாக எடுத்துவிட வேண்டும். பிரித்த பிறகு பிரச்சினை இல்லை.

மே 19, காலை 7.30 – அஸ்தம்பட்டி வாசகர்

அவன் இன்னும் மேலதான் இருக்கான். ஏற்காட்டுலயே ரத்தம் எடுத்துக் கீழ அனுப்பலாங்களா?

மே 19, காலை 7.55 – ஆய்வகம்

அதில்தான் ஆபத்து. 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, விழா நெரிசலில் அடிவாரம் தாண்டி, சேலம் வந்து, எங்கள் வரிசையில் காத்திருந்து சுழற்றும்போது 3 மணி நேரம் ஓடியிருக்கும். 14 இருந்தவருக்கு 18 என்று தாள் வரும். நார்மல் 15 வரைக்கும்தானே, இல்லாத நோய் ஒன்று உருவாகிவிடும். மேலேயே சுழற்றும் வசதியுள்ள இடத்தில் எடுத்துப் பிளாஸ்மாவை அனுப்பலாம். இல்லாவிட்டால் ஆளைக் கூட்டிவந்து இங்கே எடுங்கள், வெறும் வயிற்றில் என்றால் நல்லது. மெத்தில்மலோனிக் அமிலம் இந்த அளவுக்குப் படுத்தாது, பயணம் தாங்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அது வேறு காரணமில்லாமலே கூடும், அதை நினைவில் வைக்க வேண்டும்.

மே 19, காலை 8.20 – நரம்பியல்

கூட்டியே வந்துவிடுங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் நரம்பியல் இருக்கிறது. ஒரு முக்கியமான விஷயம்: அவனை பைக் ஓட்ட விடாதீர்கள். பின் சக்கர பிரேக் பெடல் காலடியில் இருக்கிறதா இல்லையா என்றே வலது பாதத்துக்குத் தெரியாது. அந்த மலைப்பாதையில் அது போதும்.

மே 19, பகல் 1.10 – மயக்கவியல்

‘பல் டாக்டரே குடுக்குறார்’ என்ற வாதத்துக்கு வருகிறேன். பல் மருத்துவமனையில் இதைத் தனியாகக் கொடுப்பதே இல்லை, எப்போதும் ஆக்சிஜனோடு சேர்த்துத்தான். இயந்திரமே 30 சதவீதம் ஆக்சிஜனுக்குக் கீழே போக விடாது. முடிந்ததும் சில நிமிடம் முழு ஆக்சிஜன் கொடுத்துத்தான் எழுப்புவோம். பிரசவ அறையில் பயன்படுவதும் பாதிக்குப் பாதி கலவை. பலூனில் இருப்பது கலப்பில்லாத நைட்ரஸ், ஆக்சிஜன் ஒரு துளியும் கிடையாது. ஏற்காடு மாதிரி 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஏற்கனவே குறைவு, கையிருப்பு ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைவு. முகத்தில் கவர் மாட்டிக்கொண்டோ, மூடிய காரிலோ இழுத்தவர்கள் இறப்பது நரம்பு நோயால் அல்ல, மூச்சுத் திணறலால். சிலிண்டரிலிருந்து நேராக வாயில் வைத்தால் உதடு, தொண்டை உறைந்து புண்ணாகும். அந்தத் திரவம் கொதிப்பதே மைனஸ் 88 டிகிரியில்.

அடுத்தது நேரக் கணக்கு. நைட்ரஸ் மயக்கத்தில் மனிதக் கல்லீரலில் அந்த நொதியின் வேலை பாதியாகக் குறையச் சுமார் 46 நிமிடம் ஆகும். உடல் புது நொதி தயாரித்து ஈடுகட்டச் சில நாட்கள் வேண்டும். நல்ல பி12 இருப்பு உள்ளவருக்கு ஒரு பல் சிகிச்சை, ஒரு அறுவை சிகிச்சை என்றால் உடல் தாங்கிவிடும். வாராவாரம் மணிக்கணக்கில் இழுத்தால் நொதி எழுந்திருக்க இடைவெளியே கிடையாது.

மே 19, பகல் 1.45 – மயக்கவியல்

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. 1956இல் கோபன்ஹேகனில் லாசன் குழுவினர், வில்வாத (டெட்டனஸ்) நோயாளிகளுக்கு நாள்கணக்கில் நைட்ரஸ் கொடுத்தபோது எலும்பு மஜ்ஜை படுத்துவிட்டதைப் பதிவு செய்தார்கள். 1978இல் லேசர் என்ற நரம்பியல் மருத்துவர் 15 நோயாளிகளை எழுதினார், அதில் 14 பேர் பல் மருத்துவர்கள். கையருகே சிலிண்டர் இருந்தது, பெரும்பாலானோர் தாங்களே இழுத்துப் பழகியிருந்தார்கள். வாயுவைப் பற்றித் தெரிந்தவர்களுக்கே அந்த கதி.

மே 20, இரவு 8.05 – செவ்வாய்ப்பேட்டை

எங்க வெள்ளிப் பட்டறையில நைட்ரிக் ஆசிட்ல வெள்ளி கரைக்கும்போது செம்மண் கலர்ல புகை வருதே, அதுவும் இந்த நைட்ரஸ்தானுங்களா? கொலுசு வேலை செய்யுற பசங்க தினம் அதுலதான் நிக்கிறாங்க.

மே 20, இரவு 9.15 – மயக்கவியல்

இல்லைங்க, அது நைட்ரஜன் டையாக்சைடு. நிறமும் நெடியும் உண்டு, கண் எரியும். நைட்ரஸ் ஆக்சைடுக்கு நிறமில்லை, லேசான இனிப்பு வாசம்தான். பட்டறைப் புகை நரம்பைத் தொடாது, நுரையீரலைத் தாக்கும். அப்போதைக்கு லேசான இருமலோடு விட்டுவிட்டு, பல மணி நேரம் கழித்து நள்ளிரவில் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அதிகமாகப் புகை குடித்தவரைச் சாயங்காலம் நன்றாக இருக்கிறார் என்று வீட்டுக்கு அனுப்பக்கூடாது. உறிஞ்சும் விசிறி இல்லாத அறையில் வெள்ளி கரைக்கவே வேண்டாம்.

2024 ஏப்ரலில் ஸ்மோக் பிஸ்கட் விஷயம் கிளம்பியதே, அது மூன்றாவது சரக்கு. திரவ நைட்ரஜன். குளிரால் வாயும் வயிறும் வெந்துபோகும். பெயரில் நைட்ரஜன் இருப்பதால் மூன்றையும் ஒன்றாக்கிப் பேசுகிறார்கள், ஒவ்வொன்றுக்கும் முதலுதவி வேறு.

மே 21, காலை 10.30 – கஃபே, ஐந்து ரோடு

கிரீம் அடிக்க நாங்க வாங்குற சின்ன இரும்புக் குப்பியும் இதேதான். ஒண்ணுல 8 கிராம். கொழுப்புல நல்லாக் கரையும், அதனாலதான் கோல்ட் காபி மேல கிரீம் நுரையா நிக்குது. கடை வேலைக்கு அதுவே தாராளம். இப்ப 600 கிராமுக்கு மேல பெரிய சிலிண்டர் விக்கிறாங்க, ஸ்ட்ராபெர்ரி வாசனை சேர்த்து. ஸ்ட்ராபெர்ரி நைட்ரஸ் எந்தச் சமையல்காரருக்குத் தேவை?

மே 21, காலை 11.20 – நரம்பியல்

இந்தக் கணக்கு எல்லாரும் பார்க்க வேண்டியது. ஒரு பெரிய சிலிண்டர் என்றால் 75 குப்பிக்கு மேல். குப்பி குப்பியாக உடைத்தபோது கை சலித்தாவது நிறுத்துவார்கள். சிலிண்டரில் அந்தத் தடையும் போய்விட்டது, இழுப்பவராலேயே கணக்கு வைக்க முடியாது. பார்க்கிற டாக்டர்களுக்குச் சொல்கிறேன்: ‘எத்தனை பலூன்’ என்று மட்டும் கேட்காதீர்கள், ‘குப்பியா சிலிண்டரா, ஒரு சிலிண்டர் எத்தனை பேருக்கு எத்தனை நாள் வரும்’ என்று கேளுங்கள். பெற்றோரை வெளியே அனுப்பிவிட்டுக் கேளுங்கள். ‘போதை மருந்து உண்டா’ என்றால் இல்லை என்பார்கள், அவர்கள் கணக்கில் இது போதையே இல்லை. வழக்கமான சிறுநீர்ப் போதைப் பரிசோதனையிலும் இது அகப்படாது. மூச்சு வழியாகச் சில நிமிடங்களில் வெளியேறிவிடும்.

பிரிட்டனில் 2023 நவம்பர் 8 முதல் போதைக்காக இதை வைத்திருப்பதே குற்றம். நெதர்லாந்து அதே ஆண்டு ஜனவரியிலேயே தடை செய்துவிட்டது. இளம் வயதில் நடக்க முடியாமல் வந்தவர்களைப் பார்த்த பிறகு எடுத்த முடிவுகள் அவை.

மே 21, பகல் 12.05 – மயக்கவியல்

கஃபேக்காரருக்கு: பெரிய சிலிண்டரை வெயிலில் நிற்கும் காரில் விடாதீர்கள். 36.5 டிகிரிக்கு மேல் நைட்ரஸ் திரவமாகவே இருக்க முடியாது, அழுத்தம் கிடுகிடுவென ஏறும். சேலத்துச் சித்திரை வெயிலுக்கு நிழலிலேயே அந்த வெப்பம் வந்துவிடும், காருக்குள் கேட்கவே வேண்டாம். அது எரியாது, ஆனால் பக்கத்தில் எரிவதை இன்னும் வேகமாக எரிய வைக்கும்.

மே 22, இரவு 7.50 – அஸ்தம்பட்டி வாசகர்

ஹோமோசிஸ்டீன் 68. கழுத்துப் படத்துல நீங்க சொன்ன கவிழ்த்த ‘வி’ இருக்கு. ஊசி ஆரம்பிச்சாச்சு. மருந்துக்கடைக்காரர், மீதைல்கோபாலமின்தான் ‘ரெடிமேட்’ பி12, அது போட்டா வாயு ஒண்ணும் பண்ணாதுங்கிறார். நிஜமாங்க?

மே 22, இரவு 8.40 – நரம்பியல்

இல்லை. எந்த வடிவத்தில் போட்டாலும் உடம்புக்குள் போனதும் கோபால்ட் தனியாகிவிடும், செல் தனக்கு வேண்டிய வடிவத்தைத் தானே கட்டிக்கொள்ளும். வாயு தாக்குவது அந்தக் கோபால்ட்டை. ஹைட்ராக்சோ, சயனோ, மீதைல் எது கிடைக்கிறதோ அதைப் போடலாம், வாயு நின்றிருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. மாத்திரை போட்டுக்கொண்டே இழுத்தால் பாதுகாப்பு என்பது உயிருக்கே ஆபத்தான வதந்தி. இந்தப் பையனே உதாரணம், 410 இருந்தும் தண்டு கெட்டிருக்கிறது.

அளவு: 1,000 மைக்ரோகிராம், சதையில், தினமும் ஒன்று முதல் இரண்டு வாரம். பிறகு வாரம் ஒன்று, அதற்கப்புறம் மாதம் ஒன்று. எவ்வளவு நாள் என்பதைப் பரிசோதனை பார்த்துத் தீர்மானிப்போம். மீதைல்கோபாலமின் ஊசி என்றால் வெளிச்சத்தில் கெட்டுவிடும், பழுப்பு ஆம்பியூலைப் போடும் நேரத்தில் மட்டும் உறையிலிருந்து எடுங்கள்.

ஃபோலிக் அமிலத்தைத் தனியாக ஆரம்பிக்காதீர்கள். ரத்தசோகை தேறுவது போல் காட்டும், உள்ளே நரம்பு இன்னும் மோசமாகும். பி12 ஊசி போட்டு உடம்பில் ஏறிய பிறகு சேர்க்கலாம்.

மே 22, இரவு 9.00 – ஆய்வகம்

ரத்த எண்ணிக்கையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பி12 குறைவு என்றாலே சிவப்பணு பெரிதாக இருக்கும் என்று எதிர்பார்ப்பார்கள். நைட்ரஸ் கேஸ்களில் ஹீமோகுளோபினும் அணு அளவும் நார்மலாகவே இருக்கலாம். இரும்புச்சத்துக் குறைவு கூட இருந்தால் அது அணுவைச் சிறிதாக்கும், இது பெரிதாக்கும், சராசரியில் நார்மல் என்று வந்து நிற்கும்.

மே 23, மாலை 5.30 – இயன்முறை

வீட்டிலேயே கவனிக்கக்கூடிய அடையாளங்கள் உண்டு. முகத்தில் சோப்புப் போட்டுக் கண்ணை மூடும்போது தள்ளாட்டம் வந்தால், செருப்பு கழன்றது தெரியாமல் நாலடி நடந்தால், இருட்டில் மட்டும் நடை தடுமாறினால், தலையைக் குனியும்போது முதுகில் ஷாக் அடித்த மாதிரி இறங்கினால், முதுகுத்தண்டின் பின்பக்கம் கெட்டிருக்கலாம். கால் நிலையைக் கண்தான் ஈடுகட்டிக்கொண்டிருக்கிறது, கண்ணை மூடினால் பிடிமானம் போய்விடுகிறது. மருத்துவமனையில் 128 ஹெர்ட்ஸ் டியூனிங் ஃபோர்க்கைக் கட்டைவிரல் எலும்பில் வைத்துப் பார்ப்பதும் இதைத்தான்.

வீட்டில் செய்ய வேண்டியவை: குதிகால் பட்டை உள்ள செருப்பு. படுக்கையிலிருந்து கழிவறை வரை இரவு விளக்கு. வாளியில் வெந்நீர் ஊற்றினால் முழங்கையை வைத்துச் சூடு பார்க்க வேண்டும், விரலும் மரத்திருக்கும். ஏற்காட்டுக் குளிருக்குக் கேம்ப் ஃபயர் பக்கத்தில் கால் நீட்டுவது, போர்வைக்குள் வெந்நீர்ப் பை வைப்பது இரண்டும் கூடாது. தோல் வெந்தபிறகுதான் தெரியும். தினமும் ராத்திரி உள்ளங்காலைப் பார்க்க வேண்டும்.

பாதம் தொங்குகிறதென்றால் கணுக்கால் தாங்கி போட்டு நடக்க வைக்கலாம். ‘சரியானதும் நடக்கட்டும்’ என்று படுக்க வைத்தால் தசை கரைந்துபோகும். சமநிலைப் பயிற்சி முதலில் கண் திறந்து, சுவரோரம், ஒரு ஆள் பக்கத்தில் நிற்க. கண் மூடிச் செய்வதெல்லாம் பிறகு.

மே 24, காலை 9.10 – நரம்பியல்

மேலே எழுதியதோடு சேர்க்க வேண்டியவை இரண்டு. ஹோமோசிஸ்டீன் கூடினால் ரத்தம் உறையும் போக்கும் கூடும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், திடீரென மூச்சு வாங்கினால், விடாத தலைவலியோடு வாந்தியோ வலிப்போ வந்தால் 108ஐக் கூப்பிடுங்கள். நடக்க முடியாமல் படுத்தே இருப்பவருக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

இன்னொன்று மனநிலை. சந்தேகம், காதில் குரல், மறதி, எரிச்சல் எல்லாம் இதனாலேயே வரலாம், நரம்பு அறிகுறி இல்லாமல் தனியாகவும் வரலாம். சிறுநீர் தங்குவது, ஆண்மைக் கோளாறு பற்றிப் பையன்கள் வாய் திறக்க மாட்டார்கள், டாக்டர்தான் கேட்க வேண்டும்.

கைகால் ஏறுமுகமாக மரத்து வந்தால் கில்லன் பாரே (உடலின் எதிர்ப்பாற்றலே நரம்பைத் தாக்கும் நோய்) என்று முடிவுகட்டி விலை உயர்ந்த இம்யூனோகுளோபுலின் ஓட்டுவதும் நடக்கிறது. கில்லன் பாரேயில் பொதுவாக முழங்கால் அனிச்சை அடங்கிவிடும். இங்கே துள்ளலாம், உள்ளங்காலைக் கீறினால் கட்டைவிரல் மேலே எழும்பலாம். கால் நரம்பும் சேர்ந்து கெட்டிருந்தால் கணுக்கால் அனிச்சை மட்டும் போயிருக்கும். அந்தக் கலவையே ஒரு துப்பு.

மே 24, காலை 11.45 – சூரமங்கலம்

எங்க வீடு சுத்த சைவம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், அசிடிட்டிக்கு பான்டப்ரசோல் ரெண்டும் வருஷக்கணக்கா போடுறேன். அடுத்த மாசம் பித்தப்பை ஆபரேஷன். நைட்ரஸ் குடுத்தா எனக்கும் இப்படி ஆகுமா? இட்லி தோசை மாவு புளிக்கிறதால பி12 கிடைக்கும்னு சொல்றாங்களே?

மே 24, பகல் 12.30 – மயக்கவியல்

கேட்டது நல்லதாய்ப் போயிற்று. மூன்று காரணமும் உங்களிடம் ஒன்றாக இருக்கிறது: சைவம், மெட்ஃபார்மின், அமிலம் குறைக்கும் மாத்திரை. பி12 இருப்பு காலியானவருக்கு ஒரே ஒரு நைட்ரஸ் மயக்கத்துக்குப் பிறகு சில வாரத்தில் கால் மரத்தது பலமுறை பதிவாகியிருக்கிறது. ஆபரேஷனுக்கு முன்பே பி12 பாருங்கள், குறைவாக இருந்தால் ஊசி போட்டு ஏற்றிக்கொள்ளுங்கள். மயக்க மருத்துவரிடம் இந்த மூன்றையும் சொல்லுங்கள், நைட்ரஸ் இல்லாமல் மயக்கம் கொடுக்க எத்தனையோ வழி உண்டு. மாவு புளிப்பதை நம்ப வேண்டாம். பால், தயிரில் ஓரளவு உண்டு.

விழித்திரை ஆபரேஷனில் கண்ணுக்குள் வாயுக் குமிழி வைத்தவர்களும் சொல்லியாக வேண்டும். நைட்ரஸ் அந்தக் குமிழிக்குள் புகுந்து பெருக்கிக் கண் பார்வையையே எடுத்துவிடும்.

ஜூன் 9, இரவு 8.20 – அஸ்தம்பட்டி வாசகர்

ரெண்டு வாரம் தினசரி ஊசி முடிஞ்சுது. கை தேவலை. கால்ல மதமதப்பு இன்னும் இருக்கு, சுவர் பிடிக்காம நடக்குறான். முழுசாச் சரியாகுங்களா? வாரா வாரம் ஊசிக்கு மலையிலிருந்து இறங்கி வரணுமா? அவங்க அப்பாவுக்கு அங்க எஸ்டேட்ல வேலை.

ஜூன் 9, இரவு 9.35 – நரம்பியல்

சுவர் பிடிக்காமல் நடக்கிறான் என்பது நல்ல செய்தி. முழுவதும் தேறுமா என்று இப்போதே சொல்ல முடியாது. பெரும்பாலானோர் மாதக்கணக்கில் தேறுகிறார்கள், சிலருக்கு மதமதப்பும் தடுமாற்றமும் மிச்சம் நின்றுவிடும். மயலின் மட்டும் போயிருந்தால் சீக்கிரம் வரும். உள்ளே இருக்கும் நரம்பிழையே அறுந்திருந்தால் கால் நரம்பு நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் வளரும், முழங்காலிலிருந்து பாதம் வரை ஒரு வருடம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது முறை இழுத்தால் ஆரம்பித்த இடத்தைவிடப் பின்னால் போய்விடுவான்.

ஊசிக்கு இறங்கி வர வேண்டியதில்லை. ஏற்காடு அரசு மருத்துவமனையிலேயே போட்டுக்கொள்ளலாம், மருந்துச் சீட்டில் அளவு, எத்தனை வாரம், எதற்காக என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கடைசி வரியில் ‘இனி நைட்ரஸ் ஆக்சைடு மயக்கம் தவிர்க்கவும்’ என்று சேர்க்கச் சொல்லுங்கள், நாளைக்கு வேறு ஊரில் விபத்து என்று படுத்தாலும் அந்தத் தாள் பேசும்.

பெங்களூருக்கு இப்போதைக்கு அனுப்பாதீர்கள். அந்த அறை, அந்த நண்பர்கள், வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூன்றும் சேர்ந்தால் கை தானாக நீளும். பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம். ஒரு மாதம் கழித்து ஹோமோசிஸ்டீன் திரும்பப் பாருங்கள், இந்த முறையும் ஐஸில் வைத்து. ஊசி தவறாமல் போய்க்கொண்டிருக்கும்போது அது இறங்காமல் ஏறினால் முதலில் அவனிடம் தனியாக உட்கார்ந்து வாயுவைப் பற்றிக் கேளுங்கள், திட்டாமல்.